பச்சைப் பெயிண்ட் அடித்த ரேக்

தாடியும் காவியும் இல்லாத ஒருவரைக் குரு என்று ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடி வைத்துவிடலாம். இதில் குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் சங்கரவடிவு. போன வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் மாவுக்கட்டு. சீடருக்கு ஐம்பத்துமூன்று வயது. பெயர் கஸ்பார். இருபது வருஷம் கடலுக்குப் போய், முதுகு வலி வந்த பிறகு கரையில் வேலை தேடிக்கொண்டவர்.

ஆசிரமம் என்றால் சேந்தன்துறை மீனவர் சங்கக் கட்டிடத்தின் மாடியில் இருக்கும் வயர்லெஸ் அறைதான். கடலில் இருக்கும் படகுகளோடு கரை பேசுவது அங்கிருந்து. வடிவு மைக்கில் பேசுவாள், இயந்திரங்களையும் பார்த்துக்கொள்வாள். அவளிடம் கஸ்பார் வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு ரேக். அலமாரியில் புத்தகங்கள் நிற்பது மாதிரி அதில் மின்னணுக் கார்டுகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பவை இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இரண்டு பவர் கார்டுகள். பாரத்தை இரண்டும் பாதிப் பாதியாகச் சுமக்கும்.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு இடது கார்டு செத்தது.

வேறொரு நாளாக இருந்தால் ரேக்கை அணைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, நிதானமாக மாற்றியிருக்கலாம். அன்று காலையில் காற்று எச்சரிக்கை வந்திருந்தது. நாற்பத்தொரு படகுகள் ஒரே நேரத்தில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. படகுகள் உள்ளே நுழையும் துறையின் வாயில் மணல்திட்டு இடம் மாறிக் கிடந்தது. மாடி ஜன்னலிலிருந்து அலையைப் பார்த்து, எந்த அலைக்குப் பின்னால் ஏற வேண்டும் என்று வடிவு சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொரு படகாக உள்ளே வர முடிந்தது. பத்தொன்பது வந்துவிட்டன. இருபத்திரண்டு வெளியே இருந்தன. அதில் ஒன்றில் கஸ்பாரின் மகன் ரீகன் இருந்தான்.

முழுப் பாரத்தையும் தனியாக இழுத்த வலது கார்டு சூடேறிக்கொண்டே போனது. சூடு எவ்வளவு என்று ரேக்கின் முகப்பில் எண் ஓடும். எண்பத்தைந்தைத் தொட்டால் கார்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒரு தடவை அணைந்தால் ரேக் மறுபடி எழுந்து பேசப் பதினொரு நிமிஷம் பிடிக்கும். அலைக்கு நடுவில் நிற்கிற படகுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

இப்போது எண் எழுபத்துநான்கு. ரேக்கின் மின்விசிறி அலறிக்கொண்டிருந்தது.

"புதுக் கார்ட எடுங்க அண்ணாச்சி," என்றாள் வடிவு.

"ரேக் ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போதேதான். அணைக்க முடியாது."

"நீங்க போடுங்க டீச்சர். மைக்க நான் பாத்துக்கிடுதேன்."

வடிவு மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். கார்டின் மேலும் கீழும் இருக்கும் கொக்கிகளை ஒரே நேரத்தில் மடக்க இரண்டு கை வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய கம்பெனி ஆளோ, பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டதால் வழியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் கை ஆகாது டீச்சர்," என்றார் கஸ்பார். "ஏற்கனவே ரெண்டு கார்ட எரிச்ச கை இது."

ஊரும் அப்படித்தான் நம்பியது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதேபோல ஓடுகிற ரேக்கில் கஸ்பார் ஒரு பவர் கார்டைச் செருகினார். பட் என்று ஒரு சத்தம் கேட்டது. புதுக் கார்டும் போயிற்று, பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டும் போயிற்று. மூன்று நாள் அறை ஊமையாகக் கிடந்தது. கடல் அடங்கிக் கிடந்த மாதம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கஸ்பார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கவனக்குறைவு என்று தலைவர் சொன்னார். கஸ்பார் ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்று பிடித்தது கைநடுக்கம். டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்துக் குடித்தார். சாப்பிடும்போது மனைவி பார்க்கிறாள் என்று தெரிந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டார். அறைக்கு வந்தால் தினமும் ஒரு தடவையாவது வடிவிடம் கேட்பார்.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் டீச்சர்?"

ஒரு நாள் அவள், "கேள்விய வச்சிருங்க அண்ணாச்சி, பதில் தானா வரும்," என்றாள். இன்னொரு நாள், "கத்துக்க வேண்டியது காது இல்ல, கை," என்றாள். ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். கடலைப் பார்த்ததையும் எழுதினார். குருமார்கள் சுருக்கமாகப் பேசினால் சீடர்களுக்கு அது ஆழமாகத்தான் படுகிறது, என்ன செய்வது.

எழுபத்தைந்து.

கஸ்பார் மோதிரத்தையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி மேஜை மேல் வைத்தார். மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டினார். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் கார்டுக்குள் பாய்ந்துவிடாமல் மண்ணுக்கு இறங்குவதற்கான பட்டை அது. அதன் கிளிப்பை ரேக்கின் பித்தளை எர்த் திருகில் மாட்டினார். சந்தேகம் வந்து கழற்றி மறுபடி மாட்டினார். மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார். பிறகு செத்த கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளிநிறப் பையைப் பிரித்து, புதுக் கார்டை ஓரங்களில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தார்.

வடிவு மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "விடிவெள்ளி, விடிவெள்ளி, அங்கயே நில்லுங்க. இந்த அலைய விடுங்க. அடுத்ததையும் விடுங்க. இப்ப ஏறுங்க, தெக்க ஒதுங்கி வாங்க, வாங்க, வாங்க. ஓவர்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு நுரைக்குள் போய் வெளியே வந்தது.

"இன்னும் இருபத்தொண்ணு," என்றாள். "தள்ளுங்க அண்ணாச்சி. ஒரே தள்ளு."

ஒரே தள்ளாகத்தான் தள்ள வேண்டும். பாதியில் தயங்கி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளினால் மின்சாரம் வாங்கும் ஊசிமுனைப் பின்கள் தொட்டும் தொடாமலும் பொறி பறக்கும். ஓடுகிற கார்டும் சேர்ந்து விழுந்துவிடும். இது கஸ்பாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் அவருக்கு வினையாக இருந்தது.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புப் பள்ளங்கள் உண்டு, அவற்றில் சறுக்கிக்கொண்டுதான் கார்டு உள்ளே போகும். கஸ்பார் கார்டின் முனையை அவற்றில் வைத்தார். நாலு விரற்கடை உள்ளே போயிற்று. கை நடுங்கியது. கார்டு பள்ளத்தில் கடகடவென்று அடித்தது. பின்களைத் தொடுவதற்கு முன்பே வெடுக்கென்று வெளியே இழுத்துவிட்டார்.

"முடியல டீச்சர்."

"முடியும்."

"என் மவன் வெளிய நிக்கான்."

"தெரியும் அண்ணாச்சி."

"இதுவும் எரிஞ்சு போச்சுன்னா அவனுக்கு அலை சொல்ல ஆளிருக்காது. என் கையாலயே நான்..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பயத்தப் பாக்காதீங்க, கார்டப் பாருங்க," என்றாள் வடிவு.

"இதையும் நோட்டுல எழுதிக்கிடவா?"

மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வடிவு மைக்கை எடுத்து அடுத்த படகைக் கூப்பிட்டாள்.

கஸ்பார் இன்னொரு தடவை முயன்றார். இரண்டு விரற்கடைகூடப் போகவில்லை. கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எண் எழுபத்தொன்பது ஆகியிருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் ரீகனின் குரல் வந்தது.

"டீச்சர், மிக்கேல் படகுலருந்து பேசுதோம். வாயில வந்து நிக்கோம். தண்ணி உள்ள ஏறுது, மோட்டார் போட்டு எறைக்கோம். அப்பா அங்கன இருக்காங்களா? ஓவர்."

"இருக்காங்க. வரிசையில நில்லு ரீகன். உனக்கு முன்னால பதினாறு படகு இருக்கு. அவசரப்பட்டு ஏறிராத. ஓவர்."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு வடிவு கஸ்பாரைப் பார்த்தாள். மகனின் குரலைக் கேட்டதும் அவருக்கு நடுக்கம் கையிலிருந்து தோளுக்கு ஏறியிருந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று கஸ்பாருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பயம் கடலைப் பற்றியதாகத் தெரியவில்லை.

"டார்ச்ச எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க. கார்டு போற மேல் பள்ளத்துக்குள்ள அடிச்சுப் பாருங்க."

கஸ்பார் குனிந்து பார்த்தார்.

ரேக் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். அவரே அடித்தது. உப்புக்காற்றில் ரேக் துருப்பிடிக்கிறது என்று போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேக்கை அணைத்து, எல்லாக் கார்டுகளையும் கழற்றி வைத்துவிட்டு, படகுக்கு அடிக்கிற பெயிண்டைக் கொண்டுவந்து இரண்டு பூச்சு பூசினார். துருவைக் கண்டால் கடற்கரை ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. நங்கூரம், ஜன்னல் கம்பி, மாதா சிலை இருக்கும் கெபியின் கம்பிக்கதவு என்று ஒன்றையும் விடமாட்டார்கள். அன்று ரேக்கும் புதுப் படகு மாதிரி பளபளத்தது.

பள்ளத்துக்குள் மட்டும் இப்போது பச்சை இல்லை. நீளவாக்கில் வெறும் இரும்பு மின்னியது. கத்தியால் சுரண்டிய கீறல்கள் தெரிந்தன. துருப்பிடிக்காமலிருக்க மேலே லேசாகக் கிரீஸ் தடவியிருந்தது.

"இங்க பெயிண்டக் காணோம். நான் உள்ளயும் அடிச்சேனே. பல்லு வெளக்குத பிரஷ்ஷ விட்டு அடிச்சேன்."

"அடிச்சீங்க."

"யாரு சுரண்டுனது?"

"நான்தான்."

"எப்ப?"

"கார்டு எரிஞ்ச மறுநாள்."

ஸ்பீக்கரில் யாரோ கூப்பிட்டார்கள். வடிவு மைக்கை எடுத்து, பொறுங்க என்று சொல்லிவிட்டு, துறையின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"கார்டு ஓரத்துல ஒரு தகடு இருக்கு பாருங்க. உள்ள போவும்போது அது பள்ளத்து இரும்புல உரசிக்கிட்டே போவணும். கார்டு முதல்ல எர்த்தத் தொடணும். அதுக்கு அப்புறம்தான் கரண்டத் தொடணும். அன்னைக்கு அது எர்த்தத் தொடல அண்ணாச்சி, பெயிண்டத் தொட்டுச்சு. எர்த்தே இல்லாம நேரா கரண்டுல போயி விழுந்துச்சு. அதான் ரெண்டும் எரிஞ்சுது."

"பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு?"

"அன்னைக்கு ரேக் அணைஞ்சு கெடந்துச்சு. கரண்டே இல்ல. எப்படிப் போட்டாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்ப எரிச்சது நான்தான. என் பெயிண்டுதான."

"பள்ளத்துக்குள்ள அடிக்கலாமான்னு அன்னைக்கு ஒருத்தர் கேட்டாரு. யாரு?"

கஸ்பாருக்கு நினைவு வந்தது. "நான் கேட்டேன்."

"அடிங்க, ஒரு எடம் விடாம அடிங்கன்னு சொன்னது யாரு?"

கஸ்பார் டார்ச்சை அணைத்தார்.

"நான் யோசிக்காம சொன்னேன்," என்றாள் வடிவு. "கார்டு எரிஞ்ச அன்னைக்கு உங்க கை ஒரு தப்பும் பண்ணல. ஒரே தள்ளாத் தள்ளுச்சு. பக்கத்துலயே நின்னு பாத்தேன். எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாப் போட வராது."

எண்பத்தொன்று.

"சங்கக் கூட்டத்துல நான் எந்திரிச்சு நின்னேனே."

"நின்னீங்க."

"நீங்களும் இருந்தீங்க."

"மூணாவது வரிசையில இருந்தேன்."

"டீச்சர், பெரிய அலையா வருது, ஏறவா? ஓவர்," என்றது ஸ்பீக்கர்.

வடிவு மைக்கை வாயருகே கொண்டுபோனாள். ஒரு தடவை செருமிக்கொண்டாள். "ஏறாதீங்க. நான் சொல்லுத வரைக்கும் ஏறாதீங்க. ஓவர்."

தனக்கு வந்தது கோபமா, நிம்மதியா, அழுகையா என்று கஸ்பாருக்கே தெரியவில்லை. ஆறு மாதமாகத் தன் கையை ஒரு திருடனைப் பார்ப்பது போலப் பார்த்து வந்திருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. கத்த நேரமில்லை. டார்ச்சை மேஜை மேல் வைத்தார். கார்டின் முனையைப் பள்ளத்தில் வைத்தார். தள்ளினார்.

இரும்பில் தகடு உரசுகிற சத்தம் கேட்டது. கொக்கிகள் இரண்டும் ஒன்றாக மடங்கின.

வடிவு அந்த நேரம் மைக்கில் பாதிப் பேச்சில் இருந்தாள். "மூணாவது அலை போவட்டும், போயிருச்சு, இப்ப ஏறுங்க, தெக்க ஒதுங்குங்க, வாங்க. ஓவர்." அவள் குரல் எந்த இடத்திலும் அறுபடவில்லை.

கார்டின் விளக்கு எரிந்தது. எண் எண்பத்திரண்டில் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்ற மாதிரி இருந்தது. பிறகு எண்பத்தொன்று ஆனது. எண்பது ஆனது.

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கஸ்பார் ஜன்னலருகே போய் நின்று அலையை எண்ணிச் சொன்னார், வடிவு அதை மைக்கில் சொன்னாள். இருபது வருஷம் கடலில் இருந்த கண் என்பதால் படகுகள் முன்பைவிட வேகமாக உள்ளே வந்தன. பத்து, ஒன்பது, எட்டு என்று வடிவு விரல் மடக்கிக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு மேல் மிக்கேல் வாயில் ஏறியது. அதன் முன்பக்கம் ஒரு தடவை தண்ணீருக்குள் போயிற்று. கஸ்பார் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது படகு உள்ளே இருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிருங்க டீச்சர், வந்துட்டேன்னு. ஓவர்."

"பாத்துக்கிட்டுதான் நிக்காங்க," என்றாள் வடிவு.

கடைசிப் படகும் வந்த பிறகு அவள் மைக்கை வைத்தாள். கீழே கரையில் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு கயிறு இழுத்தார்கள். கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழே மகனைப் பார்க்க ஓடுவார் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவர் போகவில்லை.

"தினமும் கேட்டேனே டீச்சர்."

"கேட்டீங்க."

"ஏன் சொல்லல?"

"மொத நாள் வேல போயிரும்னு பயந்தேன். ரெண்டாவது நாள், நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பீங்கன்னு பயந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் அந்தப் பயந்தான். நீங்க டீ கிளாஸ ரெண்டு கையால பிடிக்கும்போதெல்லாம் சொல்லிரலாம்னு வாயத் தெறப்பேன். வேற ஏதாவது சொல்லிருவேன்."

"பள்ளத்த மட்டும் சரி பண்ணிட்டீங்க."

"அது ஒரு மணி நேர வேல."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்? நான் நோட்டுல எழுதுனதெல்லாம்?"

"கிழிச்சுப் போட்ருங்க."

கஸ்பார் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. கடைசியில் வேறொன்று கேட்டார்.

"திங்கக்கிழம சங்கத்துலருந்து ரெண்டு பேர் வேல கத்துக்க வாராங்க. ஓடுத ரேக்குல கார்டு போடுதத அவங்களுக்கு எங்கருந்து ஆரம்பிச்சுச் சொல்லிக்குடுப்பீங்க?"

வடிவு ரேக்கின் பக்கம் திரும்பினாள்.

"நான் எரிச்ச கார்டுலருந்து," என்றாள்.